அந்தோனியாரிடம் விளக்கோடு வந்த மீன்

கருவாட்டு வாடை வெயிலில் ஒரு மாதிரி, மழையில் ஒரு மாதிரி. வெயில் நாளில் அது தெருவோடு போய்விடும். மழை பிடித்துக்கொண்டாலோ படியேறி மாடிக்கு வந்து, கொடியில் காயாமல் தொங்கும் பாவாடையில் ஏறி, தலையணையில் ஏறி, பள்ளிக்கூடப் புத்தகத்தின் நடுப்பக்கம்வரை போய் உட்கார்ந்துகொள்ளும். கண்டியில் மழைக்கு என்ன பஞ்சம்? என் பிள்ளைப்பருவம் முழுக்க அந்த வாடையில்தான் கழிந்தது. கொன்வென்டில் என் 'வாங்கில்', அதாவது பெஞ்சில், உட்கார்ந்திருந்த பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்கார்ந்ததும், நான் அவள் காலை மிதித்ததும், அதற்காகச் சிஸ்டர் என்னை முழங்காலில் நிற்கவைத்ததும் இன்றைக்கும் கோபத்தோடுதான் ஞாபகம் வருகின்றன. மூக்கைப் பொத்தியவளை ஏன் நிற்கவைக்கவில்லை என்று இப்போதும் கேட்பேன், கேட்க அந்தச் சிஸ்டர்தான் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. கடைவீதியில் ஒரு முஸ்லிம் முதலாளியின் கருவாட்டுக் கடையில் அப்பா தராசு பிடித்தார். கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகளில் அப்பா, அம்மா, லூர்து அக்கா, நான் என்று நாலு பேரும் குடியிருந்தோம். எங்கள் சொந்த பந்தம் எல்லாம் கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில். எங்களில் யாரும் கடலைப் பார்த்ததில்லை. தாத்தா கடல் தாண்டி வந்தவர்தான். ஆனால் வந்த வழியெல்லாம் கப்பலின் அடித்தட்டில் வாந்தி எடுத்துக்கொண்டு குப்புறப் படுத்திருந்ததாகவும், கடலை ஒருமுறைகூட ஏறிட்டுப் பார்க்கவில்லை என்றும் அப்பா சொல்வார். ஆகவே கடல் என்பது எங்களுக்குக் கீழே கடையில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் ஒரு பொருள். கட்டா, பாரை, சுறா, நெத்திலி, கல்லுப்போல் இறுகின மாசி என்று எல்லாம் உப்பு பூத்து, தட்டையாக, அசையாமல் வரும். அதுதான் கடல் மீன் என்று நாங்கள் நம்பியிருந்தோம்.

லூர்து அக்கா எனக்குப் பத்து வயது மூத்தவள். ஏழாம் வகுப்புவரை இங்கிலிஷில் படித்துவிட்டு, வீட்டோடு நின்றவள். பேச்சு குறைவு, கை மட்டும் சும்மா இராது. அடுப்புக்கரி கிடைத்தால் அடுப்படிச் சுவர், சுண்ணாம்பு கிடைத்தால் தரை, ஒன்றும் கிடைக்காவிட்டால் மா பிசைகிற பலகையில் விரலால் ஏதாவது கீறிக்கொண்டிருப்பாள். ரொட்டியில் எல்லாம் மூஞ்சி வரைந்து சுடுகிறாளே என்று அம்மா ஏசுவாள். அந்த மூஞ்சி ரொட்டிக்காகவே நான் காலையில் சீக்கிரம் எழுந்திருப்பேன்.

எங்கள் கோயிலில் ஜூன் மாதம் அந்தோனியார் திருநாள். அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. கோயில் முற்றத்துப் பந்தலில், சுரூபம் என்ற சிலைக்குப் பின்னால், அந்தோனியார் செய்த புதுமைகளில், அதாவது அற்புதங்களில், ஒன்றைப் பெரிய துணியில் வரைந்து தொங்கவிடுவார்கள். 'சீலை' என்றுதான் அதற்குப் பெயர். வருஷத்துக்கு ஒரு புதுமை, வருஷத்துக்கு ஒரு புதுச் சீலை. தோட்டங்களிலிருந்து வரும் சனங்கள் முதலில் போய் நிற்பது சீலைக்கு முன்னால்தான். அதைப் பார்த்து, இது என்ன கதை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட பிறகுதான் மெழுகுதிரி ஏற்றப் போவார்கள். வழக்கமாக வரைந்துவந்தவர் பிள்ளைகளோடு கொழும்புக்குப் போய்விட்டதால், அடுப்படிச் சுவரில் படம் வரைகிற தராசுக்காரர் மகளுக்கு அந்த வேலை வந்து சேர்ந்தது. அந்த வருஷத்துப் புதுமை, மீன்களுக்குப் பிரசங்கம் பண்ணியது. ஓர் ஊரில் மனிதர்கள் காதைப் பொத்திக்கொண்டதால், அந்தோனியார் கடற்கரைக்குப் போய் மீன்களைக் கூப்பிட்டாராம். மீன்கள் எல்லாம் வரிசையாக வந்து, தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்கி நின்று கேட்டனவாம்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு மனம்போன போக்கில் வரைகிற ஆள் இல்லை. கீழே கடைக்குப் போய், ஒவ்வொரு மீனாக எடுத்துப் பலகைமேல் வைத்து, பார்த்துப் பார்த்து வரைந்தாள். கண்டி வாவியில் நீந்தும் மீனை நாங்கள் பார்த்திருக்கிறோம்தான். ஆனால் அது வாவி மீன், இது கடல் மீன், இரண்டும் ஒன்றாகவா இருக்கும்? பெரிய மீனை முதுகோடு பிளந்து, விரித்து, உப்புப் போட்டுக் காயவைப்பார்கள். பிளந்த தலை இரண்டு பக்கமும் விரிந்து, பக்கத்துக்கு ஒரு கண்ணோடு, புத்தகம் திறந்து வைத்ததுபோல இருக்கும். அக்காவும் அப்படியே வரைந்தாள். சில மீன்களுக்குத் தலையே இல்லை. எல்லாவற்றின்மேலும் வெள்ளையாய் உப்புப் பொடி வேறு. நீலம் கரைத்துப் போட்ட அழகான கடலில் அந்த மீன்கள் விரிந்து மிதந்துகொண்டு பிரசங்கம் கேட்டன. அம்மா பார்த்தாள், அப்பா பார்த்தார், கோயிலில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் பார்த்தார், திருநாள் கமிட்டிக்காரர் எல்லோரும் வந்து பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். எல்லோரும் மலைநாட்டுச் சனங்கள்தானே. ஒருவருக்கும் ஒன்றும் வித்தியாசமாகத் தோன்றவில்லை.

திருநாளன்று பேராதனைச் சந்தி ரயில்வேயில் வேலை பார்த்த ஒரு யாழ்ப்பாணத்துக் கிளார்க் பெண்சாதி பிள்ளைகளோடு வந்தார். கடற்கரையில் பிறந்து வளர்ந்த மனிதர். சீலைக்கு முன்னால் வந்து நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“உதென்ன கூத்து? அந்தோனியார் கருவாட்டுக்கே பிரசங்கம் வைக்கிறார்?”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு அவரைக் கடித்துக் குதறலாம்போல இருந்தது எனக்கு. அவர் பிள்ளைகள் சிரித்தார்கள், பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள், ஏன் என்று தெரியாதவர்களும் கேட்டுத் தெரிந்துகொண்டு சிரித்தார்கள். முன்தினம் தலையாட்டிய கமிட்டிக்காரர்கள் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்கள். அக்கா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு என் கையைப் பிடித்தாள். வீடு வந்து சேரும்வரை விடவில்லை. கை வலித்தது, நான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்குப் பெயரே 'கருவாட்டு லூர்து' என்றாகிவிட்டது. பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்த ஒரு வீட்டார்கூட, அந்தச் சீலை வரைந்த பிள்ளையா என்று கேட்டுச் சிரித்ததாகக் காதில் விழுந்தபோது, அம்மா அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை. கடை முதலாளி ஒருவர்தான் சிரிக்காதவர். ஒருநாள் படிக்கட்டில் நின்று மேலே பார்த்துச் சொன்னார்: “கடல் மீன் வரையிற ஆக்கள் ஊரெல்லாம் ஈக்கிறாங்க, மகள். கருவாட்டக் கருவாடு மாதிரியே வரையிற ஆள் நீ ஒருத்திதான். நம்ம கடைக்கு ஒரு போர்ட் வரைஞ்சு தாங்க.” அவர் மனதாரத்தான் சொன்னார். ஆனால் அக்காவுக்கு அது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியதுபோல ஆகிவிட்டது. இனி எதையும் வரைய மாட்டேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அடுப்படிச் சுவருக்குத் தானே வெள்ளையடித்தாள். ரொட்டிகள் வெறும் ரொட்டிகளாக வந்தன. எனக்குக் காலையில் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை.

மாரி மழை வந்தது. அந்த நாளில் கருவாடு சுற்றுவதற்குப் பழைய பேப்பரைத் தோட்டத்துப் பங்களாக்களிலிருந்து கட்டுக் கட்டாக வாங்குவார்கள். ஏதோ ஒரு வெள்ளைக்காரத் துரை சீமைக்கே போகிறாரென்று அவர் பங்களாப் பேப்பர் எல்லாம் கடைக்கு வந்து இறங்கியது. அதில் படம் போட்ட இங்கிலிஷ் சஞ்சிகைகளும் கலந்திருந்தன. வழுவழுத்த தாள் கருவாடு சுற்ற ஆகாது. உப்புத் தண்ணீரைக் குடிக்காது, கட்டினால் வழுக்கும். வேலைக்கு உதவாத அந்தச் சஞ்சிகைகளை முதலாளி ஒதுக்கி, மேலே பிள்ளைகளுக்குக் கொண்டு போங்கள் என்று அப்பாவிடம் கொடுத்துவிட்டார்.

நான்தான் முதலில் திறந்தேன். தொப்பி போட்ட சீமாட்டிகள், மோட்டார் கார்கள், நாய்கள். பிறகு ஒரு பக்கத்தைப் புரட்டியதும் சஞ்சிகையையே கீழே போட்டுவிட்டேன்.

அதில் இருந்தது ஒரு மீனின் போட்டோ. மீன் என்று சொல்லத்தான் வேண்டும், வேறு என்ன சொல்வது? பாம்புபோல நீண்ட உடம்பு. வாயை மூடினாலும் உள்ளே அடங்காமல் ஊசி ஊசியாக வெளியே நீட்டிக்கொண்டிருந்த பற்கள். தாடையின் கீழே ஒரு நூல் தொங்கி, அதன் நுனியில் ஒரு குமிழ். பக்கத்திலேயே இன்னும் பல. நெற்றியில் தூண்டில் முளைத்த ஒன்று, வாயைத் தவிர உடம்பே இல்லாததுபோன்ற ஒன்று, குடையை விரித்துப் பிடித்ததுபோல ஒன்று. சில போட்டோ, சில கையால் வரைந்தவை, எல்லாமே கறுப்பு வெள்ளை. நான் போட்ட சத்தத்துக்கு அக்கா அடுப்படியிலிருந்து வந்து எடுத்துப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பருப்பு தீய்ந்த வாடை வந்து அம்மா கத்தும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து கொன்வென்டில் பரிசாகக் கிடைத்த அகராதியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாகப் படித்தாள். படித்ததைச் சாயங்காலம் எனக்குச் சொல்வாள். வெளிநாட்டில் சிலர் இரும்புக் கூண்டில் இறங்கி ஆழ்கடலைப் பார்த்தார்களாம். வலை போட்டும் பிடித்தார்களாம். அந்த ஆழத்துக்குச் சூரியன் எட்டவே எட்டாதாம், நடுப்பகலும் ஒரே கும்மிருட்டாம். ஆகையால் அங்கே வாழும் மீன்கள் தங்கள் உடம்பிலேயே விளக்கு வைத்திருக்கின்றனவாம். பல் நீட்டிய மீனின் இங்கிலிஷ் பெயரை அகராதியில் தேடிப் பார்த்தபோது 'வலுசர்ப்ப மீன்' என்று வந்தது, வேதத்தில் சாத்தானுக்கு இருக்கிற அதே பெயர். சுயமாக விளக்கு வைத்திருக்கிற மீனுக்கு இப்படியொரு பெயரா என்று அக்கா வருத்தப்பட்டாள். அவள் பல மாதங்களுக்குப் பிறகு இத்தனை வார்த்தை பேசியதே எனக்குப் பெரிய அதிசயம். மறுநாள் ரொட்டியில் பல் நீட்டிய ஒரு மூஞ்சி இருந்தது.

தவக்காலம் முடிந்ததும், யாரும் கேளாமலே, சீலைக்கு வேலை தொடங்கிவிட்டாள். கமிட்டியோ அந்த வருஷம் கொழும்பிலிருந்து அச்சுப் படம் ஒன்று வாங்குவதாக இருந்தது. போன வருஷம் ஊர் சிரித்தது பத்தாதா, இந்த வருஷம் பேயைக் காட்டிப் பயமுறுத்தப்போகிறாயா என்று அம்மா ஓயாமல் திட்டினாள். திட்டிக்கொண்டே மா மூட்டைச் சாக்குத் துணிகளை வெளுத்து, மூட்டி, தைத்தும் கொடுத்தாள். எங்கள் அம்மா அப்படித்தான், வாய் ஒரு பக்கம் போகும், கை ஒரு பக்கம் போகும். கஞ்சி போட்டு விறைப்பாக்கிய துணியில், மேல் ஓரத்தில் மட்டும் கரையும் அந்தோனியாரும் கொஞ்சம் நீலமும். அதற்குக் கீழே வர வர நீலம் கறுத்து, பாதிக்குமேல் சீலை முழுக்க விளக்குக்கரிக் கறுப்பு. அந்தக் கறுப்புக்குள்ளிருந்து மீன்கள் மேலே ஏறி வந்தன. எல்லாவற்றுக்கும் முன்னால் வந்தது வலுசர்ப்ப மீன், ஒரு மாட்டு வண்டி நீளத்துக்கு, கரும்பச்சை உடம்போடு. ஒவ்வொரு மீனின் விளக்கு இருக்கும் இடத்திலும் அக்கா துணியில் ஓட்டை வெட்டி, எண்ணெய் தடவிய மஞ்சள் கடதாசி ஒட்டினாள். பின்னால் ஒரு விளக்கைக் காட்டினால் மீனின் விளக்கு எரியும்.

“இதையும் வேணாம்னு சொல்லிட்டாங்கன்னா, பிரஷ்ஷ அடுப்புல வச்சிருவேன். பெறகு நீ என்னய ஒண்ணும் வரையச் சொல்லக் கூடாது,” என்றாள் என்னிடம். அக்கா சொன்னால் செய்கிறவள். நான் அந்தோனியாருக்கு உப்பும் மிளகும் நேர்ந்துகொண்டேன்.

திருநாளுக்கு முந்திய வாரம் அப்பாவும் கடைப் பையன்களுமாகச் சீலையைக் கோயில் பின்புறத்துக் கொட்டகைக்குக் கொண்டுபோய்த் தொங்கவிட்டார்கள். பகல் வெளிச்சத்தில் பார்த்தவுடனே கமிட்டிக்காரர்கள் முகம் சுளித்தார்கள். சாவு வீட்டுத் துணிமாதிரி கறுப்பாக இருக்கிறதே என்றார் ஒருவர். உபதேசியார் நேரே அந்த முன்னால் வந்த மீனிடம் போய், இது என்ன சாதி மீன் என்று கேட்டார். ஏதாவது பெயர் சொல்லித் தப்பியிருக்கலாம். பாரை என்றிருந்தால்கூட அந்த ஆளுக்கு என்ன தெரியப்போகிறது? அக்காவுக்குப் பொய் வராது. வலுசர்ப்ப மீன் என்று புத்தகத்தில் போட்டிருப்பதாகச் சொன்னாள். அவ்வளவுதான். அதிதூதர் காலால் மிதித்துத் தள்ளிய சர்ப்பத்தைக் கொண்டுவந்து அந்தோனியாருக்கு முன்னால் உட்கார வைப்பதா என்று உபதேசியார் குதித்தார். பங்குப் பாதிரியாரான சாமி வந்து பார்த்து வேண்டாமென்று ஒரு வார்த்தை சொன்னால், அந்தத் துணியைத் திருப்பிப் போட்டுப் பந்தலுக்குக் கூரையாகக் கட்டுவேன் என்றும் சொன்னார். அக்கா, சாமி வரும்வரை இருக்கிறேன் என்று மட்டும் சொல்லி, கொட்டகை மூலையில் போய் நின்றுகொண்டாள்.

எங்கள் பங்குச்சாமி இத்தாலிக்காரர். நரைத்த தாடி. புத்தகத்தில் படித்த தமிழைப் புத்தகத்தில் இருப்பதுபோலவே பேசுவார். அவர் வந்தபோது பொழுது சாய்ந்து, மழையும் தூறி, கொட்டகை இருட்டிக்கிடந்தது. உபதேசியார் லாந்தரைத் தூக்கி மீனின் பற்களுக்கு நேரே பிடித்தார். இருக்கிற பல் எல்லாம் இன்னும் நீளமாகத் தெரிந்தன. சாமி இரண்டு எட்டுப் பின்னால் வைத்தார். முடிந்தது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போது அம்மா, இத்தனை நாளும் திட்டித் தீர்த்த அதே அம்மா, உபதேசியார் கையிலிருந்த லாந்தரை ஒரு வார்த்தை கேளாமல் வாங்கிக்கொண்டு சீலைக்குப் பின்னால் போனாள். கொட்டகை முழுக்க இருட்டு. பிறகு ஒவ்வொன்றாக மீன்களின் விளக்குகள் பற்றிக்கொண்டன. தூண்டில் மீனுக்கு நெற்றியில், குடை மீனுக்கு ஓரம் முழுக்க, முன்னால் வந்த பெரிய மீனுக்குத் தாடைக்குக் கீழே. பற்கள் தெரியவில்லை. இருட்டுக்குள்ளிருந்து விளக்குகள் மட்டும் அந்தோனியாரைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தன.

“மகளே, இந்த மச்சம் ஏன் தீபம் கொண்டு வருகிறது?” என்று கேட்டார் சாமி.

அக்கா மூலையிலிருந்து வெளியே வந்தாள்.

“சாமி, இது இருக்கிறது அடிக் கடல்ல. அங்க சூரியன் எட்டாதுங்க. அதனால ஆண்டவரே அதுக்கு வெளக்கு குடுத்திருக்காரு. கலஹாவிலயிருந்து எங்க சனங்க திருநாளுக்கு விடியமுன்ன பந்தம் புடிச்சிக்கிட்டு எறங்கி வருவாங்கள்ல, அது மாதிரி இதுவும் அவரு கூப்புட்ட சத்தம் கேட்டு வந்திருக்கு. மேல இருக்கிற மீனுக்கு வர்றது லேசுங்க. இது தூரத்திலயிருந்து வந்தது.”

உபதேசியார் பல்லைப் பாருங்கள் சாமி, பல்லைப் பாருங்கள் என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். சாமி அவர் பக்கம் திரும்பினார்.

“உபதேசியாரே, எனக்கும் பல் உண்டு, உமக்கும் பல் உண்டு. நாம் கோயிலுக்கு வரவில்லையா?”

பின்னால் லாந்தர் ஒருமுறை ஆடியது. எல்லா மீன்களும் சேர்ந்து ஆடின. அம்மா அழுகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

திருநாளுக்கு முந்திய மாலை பந்தலில் சீலை ஏறியது. தோட்டத்துச் சனங்கள் அதற்கு முன்னால் நின்ற நிற்பைச் சொல்லி முடியாது. ஒரு மீனைக் காட்டி, கலஹாவிலிருந்து வந்திருந்த எங்கள் அத்தை, இது நம்மைப்போல விடியமுன் எழுந்து 'பெரட்டுக்கு' ஓடுகிற மீன் என்றாள். காலையில் இருட்டோடு ஆள் கூப்பிடும் களத்துக்கு ஓடுவதைத்தான் அவர்கள் அப்படிச் சொல்வார்கள். எல்லோரும் சிரித்தார்கள். போன வருஷத்துச் சிரிப்பு வேறு, இது வேறு. சின்னப் பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று கமிட்டி கவலைப்பட்டதே, அவர்கள்தான் பல் மீனை விட்டு நகரவே இல்லை.

ஆனால் அக்கா யாரையும் பார்க்கவில்லை. அவள் கண் வாசலிலேயே இருந்தது. மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் பேராதனைக் கிளார்க் குடும்பத்தோடு பந்தலுக்குள் வந்தார். போன வருஷம் அங்கே இருந்தவர்கள் எல்லோருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும், பேச்சு அடங்கிவிட்டது. மனிதர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டுக்கொண்டார். அவர் பிள்ளைகள் சிரிப்பதா வேண்டாமா என்று அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

“உப்பிடி ஒரு மீனை எங்கட கடலிலை நான் ஒருநாளும் காணேல்லை,” என்றார்.

“நீங்க பாத்தது மேல இருக்கிற கடலுங்க ஐயா,” என்றாள் அக்கா. “இது அதுக்கு அடியில.”

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பந்தல் வாசலில் முக்காலி வைத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்த 'போட்டோக்காரரை'க் கூப்பிட்டு, தன் குடும்பத்தைச் சீலைக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுக்கச் சொன்னார். இந்தப் பிள்ளையும் நிற்கட்டும் என்று அக்காவைத் தன் பெண்சாதிக்குப் பக்கத்தில் நிற்கவைத்தார். ஒரு பிரதி எங்கள் வீட்டுக்கும் வந்தது. 'கருவாட்டு லூர்து' என்ற பெயர் அத்தோடு போய்விட்டது என்று எழுத ஆசைதான், போகவில்லை. ஆனால் பிறகு அதை மரியாதையாகச் சொன்னார்கள். கருவாட்டு லூர்து வரைந்த சீலை என்றால் மாத்தளைவரை கோயில்காரர்கள் தேடி வந்தார்கள். முதலாளியின் கடைக்கு அக்கா போர்டும் வரைந்து கொடுத்தாள், பிளந்து விரித்த பாரைக் கருவாடு, உப்புப் பொடியோடு. அதைப் பார்த்தே வாயில் எச்சில் ஊறும். அவளைக் கட்டிக்கொண்ட மச்சான்கூட அந்தப் போர்டைப் பார்த்துத்தான் முதலில் விசாரித்தாராம்.

அந்தக் கடை இப்போது இல்லை. அந்த இடத்தில் ரேடியோவும் டெலிவிஷனும் விற்கிறார்கள். போர்டு போன இடம் தெரியாது. விளக்கு மீன் சீலையை எந்தத் தோட்டத்துக் கோயிலோ இரவல் வாங்கிப் போனது, திரும்பி வரவேயில்லை, கறையான் தின்றிருக்கும். அந்தோனியார் திருநாளுக்கு இப்போது கலர் பல்பு கட்டுகிறார்கள், சீலை தொங்கவிடும் வழக்கம் நின்று பல காலம். மிச்சம் இருப்பது அந்தப் போட்டோ ஒன்றுதான். அதில் கிளார்க் குடும்பம் விறைத்துக்கொண்டு நிற்க, அக்கா கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்க, பின்னால் பல் நீட்டிய மீன் அவள் தோளுக்குமேல் எட்டிப் பார்க்கிறது. விளக்கு இருந்த இடம் வெறும் வெள்ளைப் புள்ளி.

போன மாதம் பேராதனையில் விலங்கியல் படிக்கிற என் பேத்தி, நூலகத்திலிருந்து ஒரு பெரிய புத்தகம் கொண்டுவந்தாள். ஆழ்கடலுக்குள்ளேயே இறங்கி, உயிரோடு நீந்தும்போது எடுத்த கலர் படங்கள். என் வீட்டில் வந்து தங்கியிருந்த அக்காவின் மடியில் அதைத் திறந்து வைத்தாள். அக்காவுக்கு எழுபது தாண்டிவிட்டது. இடது கண்ணில் சதை வளர்ந்திருக்கிறது. எட்டு வருஷமோ பத்து வருஷமோ, தூரிகையைத் தொட்டு. கை நடுங்குகிறது என்று தானே வைத்துவிட்டாள். நாங்களும் வற்புறுத்தவில்லை.

புத்தகத்தை வலது கண்ணுக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு பார்த்தாள். அதே மீன், அதே பற்கள், அதே தாடை நூல். ஆனால் உடம்பு பச்சை இல்லை, நல்ல கறுப்பு. தாடைக் குமிழில் நீலமாக ஒரு வெளிச்சம். கண்ணுக்குக் கீழே இன்னொரு விளக்கு, அது சிவப்பு. மஞ்சள் எங்கேயும் இல்லை. பேத்தி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், இந்த மீன் மொத்தமாகவே ஒரு சாண் நீளம்கூட இராது, பாட்டி, என்றாள்.

மாட்டு வண்டி நீளத்துக்கு வரைந்த மீன், ஊரே பயந்த மீன், நெத்திலிக்குக் கொஞ்சம் மூத்தது. பழைய பந்தலில் சிரித்த சிரிப்பு என் காதில் கேட்டது. அன்றைக்கு ஒரு தப்புக்கு எத்தனை மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் இவள்! பேத்தியின் காலை, அந்தக் கொன்வென்ட் பிள்ளையின் காலை மிதித்ததுபோல, அக்கா பார்க்காதபடி மிதித்தேன்.

அக்கா புத்தகத்தை இறக்கவில்லை. முதலில் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். உபதேசியார் இந்தச் சாணுக்கா அந்தக் குதி குதித்தார் என்றாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“தாடைக்கு நீலமும் கண்ணுக்குக் கீழ செவப்புமில்ல ஒட்டியிருக்கணும்,” என்றாள். “மஞ்சளப் போட்டுக் கெடுத்துட்டேன். செசிலி, ஒன் பேத்திய டவுனுக்கு அனுப்பி நீலக் கடதாசியும் செவப்புக் கடதாசியும் வாங்கிட்டு வரச் சொல்லு. ஒரு பிரஷ்ஷும் வாங்கச் சொல்லு, நல்லதா.”